அலமாரிக்குள் டிவி: வெட்டுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள்

(பெங்களூரில் மரவேலைப் பட்டறை நடத்துபவர் வாசகர்களுக்குப் பதில் சொல்லும் பகுதி)

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டிவியையும் மர அலமாரியையும் பற்றியவை. அதனால் மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டில், சமையலறை ரேக் கேள்விகளுக்கு அடுத்த முறை பதில் சொல்கிறேன்.

மாமியார் வீட்டிலிருந்து வந்த தேக்கு அலமாரி ஒன்று கும்பகோணத்திலிருந்து எங்களோடு பெங்களூருக்கு வந்திருக்கிறது. ஆறரை அடி உயரம், இரண்டு கதவு. உள் அகலம் 46 அங்குலம், ஆழம் 17 அங்குலம். துணி வைக்க வேறு இடம் இருப்பதால் இதை ஹாலில் போட்டு, 55 அங்குல டிவியை உள்ளே மாட்ட வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. வந்து பார்த்த கார்பெண்டர், இரண்டு பக்கப் பலகையையும் வெட்டினால் டிவி நுழையும் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை.
*— வாசகி, அல்சூர்*

வெட்ட விடாதீர்கள் அம்மா. உங்கள் மனசு சொல்வதுதான் சரி.

முதலில் அளவைப் பார்ப்போம். கடையில் 55 என்று சொல்வது திரையை மூலைக்கு மூலை குறுக்காக அளந்த நீளம். அகலம் தெரிய வேண்டுமென்றால் அதை 0.87 ஆல் பெருக்குங்கள். 55க்குத் திரை மட்டுமே கிட்டத்தட்ட 48 அங்குலம் வரும். விளிம்பையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். 46க்குள் நுழையாது. 50 அங்குல டிவி ஏறத்தாழ 44 அங்குல அகலம். நுழையும், ஆனால் பக்கத்துக்கு ஒரு அங்குலம்தான் மிஞ்சும். அதில் கை போகாது. ஒரு ஒயரைக் கழற்ற முழு டிவியையும் இறக்க வேண்டியிருக்கும். 43 அங்குல டிவி என்றால் அகலம் 38 அங்குலம். பக்கத்துக்கு நான்கு அங்குலம் இடம் கிடைக்கும். உங்கள் அலமாரிக்கு ஏற்ற அளவு அதுதான்.

உங்கள் வீட்டுக்காரர் 43 போதாது என்று சொல்லலாம். சோபாவிலிருந்து அலமாரி வரை டேப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறேழு அடி என்றால் 43 நிறைவாகவே தெரியும். பத்து அடி தள்ளி உட்காருகிறீர்கள், 55தான் வேண்டும் என்றால் டிவியைச் சுவரில் மாட்டிவிட்டு அலமாரியில் புத்தகமோ கொலுப் பொம்மையோ வையுங்கள்.

பக்கப் பலகையை வெட்டக் கூடாது என்று நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து அலமாரிகளை ஆணியை நம்பிச் செய்யவில்லை. ஒரு கட்டையின் முனையை நாக்கு மாதிரி செதுக்கி, இன்னொன்றில் துளை போட்டுச் செருகி, மூங்கில் முளை அடித்துப் பூட்டியிருப்பார்கள். கதவு, தட்டு, மேல் கொண்டை எல்லாவற்றின் எடையும் அந்தப் பக்கச் சட்டங்கள் வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது. அதை வெட்டினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாளில் கதவு தொங்கும், பூட்டு நேராக விழாது, அப்புறம் மொத்தமும் ஆட ஆரம்பிக்கும். டிவியை ஏழெட்டு வருஷத்தில் மாற்றிவிடுவீர்கள். அந்தத் தேக்கு உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்கும். என் பட்டறையில் பழைய சாமானுக்கு ஒரே விதி: டிவிக்காகச் செய்கிற எந்த வேலையையும் பின்னாளில் கழற்றி, அலமாரியைப் பழையபடி ஆக்க முடிய வேண்டும்.

அடுத்தது, மாட்டுவதா, வைப்பதா? என்னைக் கேட்டால் மாட்டவே தேவையில்லை. 17 அங்குல ஆழத்தில் 43 அங்குல டிவி அதன் சொந்தக் காலிலேயே வசதியாக நிற்கும். எடையும் பத்து கிலோவுக்குள்தான் இருக்கும். தட்டின் உயரத்தை மட்டும் சரியாகப் பிடியுங்கள். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் சாய்ந்து உட்காருங்கள்; தரையிலிருந்து உங்கள் கண் வரை ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 42 அங்குலம் சுற்றி வரும். திரையின் நடு அந்த உயரத்துக்கு வர வேண்டும். டிவியின் உயரம் 22 அங்குலம், அதில் பாதி 11, கால் ஒரு மூன்று அங்குலம். இரண்டையும் 42லிருந்து கழித்தால் தட்டு 28 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். அந்த உயரத்தில் இருபக்கமும் தாங்கு கட்டை வைத்து, 18 மில்லிமீட்டர் பலகை போட்டு, அதன் முன்விளிம்பின் அடியில் இரண்டு அங்குலச் சட்டம் ஒட்டினால் தட்டு நடுவில் தொய்யாது. டிவி முன்னால் கவிழாமல் இருக்க, அதன் முதுகிலிருந்து ஒரு நைலான் பட்டையைத் தட்டின் பின்பக்கத்தோடு இழுத்துக் கட்டிவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது கட்டாயம். அலமாரியின் தலையையும் ஒரு எல் பட்டை வைத்துச் சுவரோடு பிடித்துவிடுங்கள்.

இல்லை, தொங்கத்தான் வேண்டும் என்றால் முதுகுப் பலகையில் ஸ்க்ரூ போடாதீர்கள். பழைய அலமாரிகளில் அந்தப் பலகைகள் மெல்லியவை. மழைக்கும் வெயிலுக்கும் உப்பிச் சுருங்க வசதியாகக் காடியில், அதாவது சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில், தளர்வாக நிற்பவை. எடை தாங்க வைத்தவை அல்ல. மூன்று அங்குல அகலத்தில் இரண்டு செங்குத்துக் கட்டைகளைக் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டு வரை நிறுத்தி, மேலும் கீழும் பிடித்து, பிராக்கெட்டை அந்தக் கட்டைகளில் போல்ட், வாஷர், நட்டு போட்டு முடுக்குங்கள். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் கடைசி முடுக்கு வேண்டாம். அலமாரியே தரையில் கோணலாக நின்றால் டிவி மட்டும் நேராக இருந்தும் கண்ணை உறுத்தும்.

ஒயருக்கும் காற்றுக்கும் முதுகில் ஓட்டை போட வேண்டாம். முதுகுப் பலகையில் கீழே ஒன்றையும் மேலே ஒன்றையும் காடியிலிருந்து உருவி எடுத்துவிடுங்கள். கீழிருந்து காற்று வரும், மேல் வழியாகச் சூடு போகும், ஒயரும் அதே வழியில் போகும். உருவிய பலகைகளைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டு, 'அலமாரி முதுகு' என்று எழுதி வையுங்கள்.

கதவு ஒன்று பாக்கி. இப்போதுள்ள கீலில் கதவு தொண்ணூறு டிகிரிக்கு மேல் திறக்காது என்றால், பக்கத்து நாற்காலியில் உட்காருபவருக்குப் பாதித் திரைதான் தெரியும். பார்லிமெண்ட் கீல் போட்டால் கதவு முழுக்கத் திரும்பி, வெளியே தள்ளி நிற்கும். பக்கத்தில் கதவு விரிய இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய பித்தளைக் கீலைத் தூக்கிப் போட வேண்டாம்.

டிவி பார்க்கும்போது கதவைத் திறந்துதானே வைக்கிறோம்? அப்புறம் எதற்குப் பின்னால் காற்று வழி?
*— வாசகர், மல்லேஸ்வரம்*

முன்பக்கம் திறந்திருந்தாலும் சூடு மேலேதான் ஏறும். மேல்தட்டுக்கு அடியில், திரைக்குப் பின்னால் உள்ள மூலையில் போய்த் தங்கும். 43 அங்குல டிவி ஓடும்போது 60 முதல் 100 வாட் வரை இழுக்கும். அது கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. பக்கத்தில் செட் டாப் பாக்ஸ் வேறு. ரிமோட்டில் அணைத்தாலும் அது உள்ளுக்குள் விழித்துக்கொண்டுதான் இருக்கும். பிளக்கில் அணைத்தால்தான் ஆறும். டிவி போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர்களுக்கு மெக்கானிக்குகள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும். பார்க்காமல் விட்டால், கெடுவது சின்னச் சாமான். ஆனால் மாற்றுவது முழு போர்டாக இருக்கும்.

டிவிக்குக் கதவு போடுவது நம் ஊரில் புதிதல்ல. சாலிடேர், டயனோரா காலத்துப் பெட்டிகள் சில மர உறையும் இழுத்து மூடும் ஷட்டருமாக வந்தவைதான். அவற்றின் முதுகைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், அட்டை முழுக்க வரிசை வரிசையாக ஓட்டைகள். மரத்துக்குள் வைத்தவர்கள் காற்றுக்கும் வழிவிட்டுத்தான் வைத்தார்கள்.

மேலேயும் பக்கங்களிலும் நான்கு அங்குலம், பின்னால் இரண்டு அங்குலமாவது விடுங்கள். டிவியோடு வந்த கையேட்டில் இதைவிட அதிகம் கேட்டிருந்தால் அதையே கேளுங்கள். சோதித்துப் பார்க்க எளிய வழி: இரண்டு மணி நேரம் டிவி ஓடிய பிறகு, மேல்தட்டின் அடிப்பக்கத்தைப் புறங்கையால் தொடுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் காற்று வழி போதவில்லை. அணைத்த உடனே கதவைச் சாத்தாமல் கால் மணி நேரம் விடுவது நல்லது.

எலக்ட்ரானிக் சிட்டியில் வாடகை வீடு. ஓனர் போட்டு வைத்த பார்ட்டிகிள் போர்டு டிவி யூனிட்டின் முதுகில், முன்னும் பின்னும் இழுக்கிற மடக்குக் கை ஸ்டாண்டை மாட்டி 50 அங்குல டிவியைத் தொங்கவிட்டேன். இப்போது மேல் ஸ்க்ரூக்களைச் சுற்றிப் பலகை உப்பியிருக்கிறது. டிவி லேசாக முன்னால் சாய்ந்தும் இருக்கிறது. பெரிய ஸ்க்ரூவாகப் போட்டால் நிற்குமா?
*— வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி*

தம்பி, இதைப் படித்த உடனே ஒரு நண்பரைக் கூப்பிட்டு டிவியை இறக்கி மெத்தை மேல் வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பெரிய ஸ்க்ரூ நிற்காது. பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளையும் சிம்பையும் பசையில் அழுத்திச் செய்தது. நார் கிடையாது. ஸ்க்ரூ பிடித்திருந்த இடம் ஒருமுறை உதிர்ந்துவிட்டால், பெரிய ஸ்க்ரூ ஓட்டையைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். மடக்குக் கையும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். உங்கள் டிவி 12 கிலோ என்று வையுங்கள். பலகையை ஒட்டி 5 சென்டிமீட்டரில் நிற்கும்போது மேல் ஸ்க்ரூக்களை இழுக்கிற விசை ஒன்று என்றால், 45 சென்டிமீட்டர் முன்னால் இழுத்தால் அது ஒன்பது மடங்கு. எடை கூடவில்லை, தூரம்தான் கூடியது. அலமாரிக்குள் மாட்டுகிற யாரும் மடக்குக் கை வாங்குவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். பக்கமாகத் திருப்ப வேண்டிய அவசியம் இல்லாதவர்களுக்கு ஒட்டி நிற்கிற சாதா பிராக்கெட்டே போதும்.

இரண்டு வழி இருக்கிறது. டிவியோடு வந்த கால்களைத் தேடி எடுத்து, யூனிட்டின் கீழ் மேடையில் நிறுத்துவது ஒன்று. செலவே இல்லை. இன்னொன்று, ஓனரிடம் கேட்டுவிட்டு எடையைச் சுவருக்குக் கொடுப்பது. பலகை வழியாகவே துளை போட்டு, நீள ஸ்க்ரூவைச் சுவரில் இறக்குங்கள். உங்கள் பக்கத்து அபார்ட்மெண்டுகளில் நிறைய இடங்களில் ஹாலோ பிளாக் சுவர், அதாவது உள்ளே வெற்றிடம் விட்ட சிமெண்ட் கல். ஸ்க்ரூவுக்காகச் சுவரில் செருகும் சாதாரணப் பிளக் உள்ளே வெறுமனே சுற்றும். ஹாலோ பிளாக்குக்கென்றே வரும் நீள நைலான் பிளக் கேட்டு வாங்குங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி இருந்தால், ஸ்க்ரூ போகும் இடத்தில் அதே கனத்துக்குக் கட்டை வைத்து அடைக்க வேண்டும். இல்லையென்றால் முடுக்க முடுக்கப் பலகை உள்ளே வளைந்துகொண்டே போகும். இறுகிவிட்டது என்று நினைப்பீர்கள், ஆனால் எடையைப் பலகைதான் சுமந்துகொண்டிருக்கும்.

டிவியின் முதுகில் போகிற ஸ்க்ரூவையும் கவனியுங்கள். அங்கே நான்கு துளைகள் வெசா (VESA) என்ற பொது அளவுக் கணக்கில் இருக்கும்: 200க்கு 200, 400க்கு 400 மில்லிமீட்டர் என்று. பிராக்கெட் பையில் நாலைந்து நீளத்தில் ஸ்க்ரூ வரும். எது நுழைகிறதோ அதைப் போடக் கூடாது. ஒரு தீக்குச்சியைத் துளைக்குள் விட்டு ஆழம் பாருங்கள், பிராக்கெட் தகட்டின் கனத்தைக் கூட்டுங்கள், அதற்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைவான ஸ்க்ரூவை எடுங்கள். முதலில் விரலாலேயே முறுக்குங்கள். விரலுக்கு இசையாத இடத்தில் டிரில் மெஷினைப் பிடித்து அழுத்தினால், உள்ளே இருக்கிற போர்டிலோ திரையிலோ போய்க் குத்தும்.

2003இல் 29 அங்குலப் பழைய டிவிக்காகச் செய்த ரோஸ்வுட் வெனீர் கேபினெட் இருக்கிறது. டிவி வைக்கும் இடம் 33 அங்குல அகலம், 27 அங்குல உயரம், 22 அங்குல ஆழம். எந்த டிவி போகும்?
*— வாசகர், ஜெயநகர்*

32 அங்குலம். அதன் அகலம் 29 அங்குலத்துக்கு உள்ளேதான் வரும், பக்கத்துக்கு இரண்டு அங்குலம் கிடைக்கும். சின்ன டிவி, சூடும் குறைவு, அதனால் இந்த இடைவெளி பரவாயில்லை. பழைய குழாய் டிவிக்காக முதுகைத் திறந்து விட்டிருப்பார்கள், அதை மூட வேண்டாம். 40 அங்குலம் போகாது. எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம். நாற்பது கிலோவுக்கு மேல் தாங்கிய தட்டு அது. ஆழத்தில் டிவியை உள்ளே தள்ளாமல் முன் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலத்தில் நிறுத்துங்கள், பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கும் திரை தெரியும். பின்னால் மிஞ்சும் இடத்தில் மோடம், ஒயர், ஸ்டெபிலைசர் எல்லாம் அடங்கிவிடும்.

செட் டாப் பாக்ஸைக் கதவு போட்ட கீழ் அறையில் வைத்தோம். ரிமோட் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது.
*— வாசகி, ராமமூர்த்தி நகர்*

அந்த ரிமோட் அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத ஒளி. பலகையைத் தாண்டாது. கண்ணாடியைத் தாண்டும். அதனால் அந்த ஒரு கதவின் நடுப் பலகையை எடுத்துவிட்டுக் கண்ணாடி போடலாம். கறுப்பு சாயம் ஏற்றியதாக இருந்தால் உள்ளே இருக்கிற ஒயர் தெரியாது, வாங்குவதற்கு முன் ரிமோட்டைப் பிடித்துச் சோதித்துவிடுங்கள். கதவைத் தொட வேண்டாம் என்றால் ஐஆர் எக்ஸ்டெண்டர் என்று ஒரு சின்ன ஒயர் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். அதன் கண்ணைக் கேபினெட்டின் வெளி விளிம்பில் ஒட்டி, மறுமுனையைப் பாக்ஸின் முகத்தில் வைத்தால் போதும். புளூடூத் ரிமோட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, மரத்தைத் தாண்டி வேலை செய்யும். ஆனால் பாக்ஸ் இருக்கும் அறைக்கும் காற்று வழி வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

டிவி அலமாரியின் மேல்தட்டில் சாமி படம் வைத்து விளக்கேற்றலாமா? எங்கள் ஃபிளாட்டில் வேறு இடம் இல்லை.
*— வாசகி, ஸ்ரீராமபுரம்*

படம் வையுங்கள், பூ வையுங்கள். விளக்கு மட்டும் வேண்டாம் அம்மா. கீழே ஒயர், மேலே எண்ணெய், நடுவில் பாலிஷ் அடித்த மரம். எண்ணெய் வழிந்து முதுகுப் பக்கமாக இறங்கினால் பிளக் பாயிண்டில்தான் போய்ச் சேரும். சுவரில் தனியாக ஒரு சின்ன கிரானைட் தட்டு போட்டுக்கொண்டால் விளக்கு அங்கே நிம்மதியாக எரியும்.

புதிதாக டிவி கேபினெட் செய்யப் போகிறோம். இங்கே கிடைக்கிற கார்பெண்டர்களுக்கு இந்திதான் தெரிகிறது, எனக்கு அது அரைகுறை. என்னென்ன சொல்லி வைக்க வேண்டும்?
*— வாசகி, ஒயிட்ஃபீல்ட்*

பேச்சைவிடப் படம் நன்றாக வேலை செய்யும். ராஜஸ்தானிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்திருக்கிற பையன்களில் கை சுத்தமாக வேலை செய்பவர்கள் நிறையப் பேர். ஒரு தாளில் கட்டம் வரைந்து, அளவுகளை மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். டிவியை முதலில் வாங்கிவிடுங்கள், அல்லது வாங்கப் போகும் மாடலின் அளவையும் எடையையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த டிவி இதைவிடப் பெரிதாகத்தான் வரும் என்று நினைத்து, இடம் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்.

டிவி மாட்டும் பலகை 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டாக இருக்க வேண்டும். முதுகுக்கு வழக்கமாகப் போடும் 6 மில்லிமீட்டர் ஷீட்டில் மாட்டக் கூடாது. ஷீட் இறங்கும்போது மேலே உள்ள முத்திரையைப் பாருங்கள். ஹாலுக்கு ஐஎஸ் 303, அதாவது சாதாரண உபயோக ப்ளைவுட் போதும். மழைக்காலத்தில் ஈரம் காட்டுகிற வெளிச் சுவர் என்றால் ஐஎஸ் 710, அதாவது மெரைன் ப்ளைவுட் போடுங்கள், சுவரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளியும் வையுங்கள்.

ஒயர் போகும் ஓட்டை இரண்டரை அங்குலம் இருக்கட்டும். ஒயரின் கனத்தைப் பார்த்துச் சின்ன ஓட்டை போட்டுவிடுவார்கள். மூன்று முள் பிளக்கின் தலை அதில் நுழையாது. அப்புறம் பிளக்கை வெட்டி ஒயரை ஒட்டுப்போட வேண்டி வரும். மரத்துக்குள் ஒட்டுப்போட்ட ஒயர் இருக்கவே கூடாது. பிளக் பாயிண்ட் டிவிக்கு நேர் பின்னால் வேண்டாம், பக்கமாக, கை எட்டுகிற இடத்தில் வரட்டும்.

வேலை முடிந்ததும் மைக்கா பளபளப்பைப் பார்த்து மொத்தப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். டிவியை மாட்டி, எல்லா ஒயரையும் சொருகி, ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் எதையும் உடைக்காமல் அதே டிவியைக் கழற்றி இறக்கச் சொல்லுங்கள். அது இறங்கியதும் மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.